தீ என்று எழுதிய வாளி

அந்த மருத்துவமனையில் எங்கும் மண் கிடையாது. வாசற்படி முதல் மேல்தளம் வரை வெள்ளைத் தரை ஓடுகள். வண்டி நிறுத்தும் இடத்தில் நெருக்கிப் பதித்த சிமெண்டுக் கற்கள். செடித்தொட்டிகளில்கூடப் பிளாஸ்டிக் இலைகள். திறப்பு விழாவுக்குப் பதிகம் பாட அழைக்கப்பட்டிருந்த நான், "காலில் ஒரு தூசி ஒட்டவில்லையே!" என்று வியந்தபோது மருத்துவர் பூரித்துப் போனார். இன்ன பதிகம்தான் பாடவேண்டும் என்று கேட்டு வாங்கியவரும் அவரே. முதலை விழுங்கிய பிள்ளையைப் பாட்டினால் மீட்டதாகச் சொல்லப்படும் குளம் எங்கள் அவிநாசிக் குளம். "நம்ம தொழிலுக்குப் பொருத்தமான பாட்டுங்க ஐயா. போன உசிரைத் திருப்பிக் கொண்டாந்த பாட்டு" என்றார். நானும் மனமுருகிப் பாடினேன்.

மண்ணென்று அங்கே இருந்தது ஒன்றே ஒன்று: வரவேற்பு மேசைக்கு அருகே கொக்கியில் தொங்கிய சிவப்பு வாளி நிறைய மணல். உரிமம் வழங்க வந்த அதிகாரி கேட்டதற்காக மாட்டியது. அதன்மேல் வெள்ளை வண்ணத்தில் 'தீ' என்று எழுதியிருந்தது.

திருப்பூர் தனி மாவட்டமான புதிது அது. அதற்குச் சற்று முன்புதான், மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவோருக்கென்று மாநில அரசு தனியே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. தாக்கினால் பிணை கிடையாது. மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. உடைத்த பொருளுக்கு இரட்டிப்பு ஈடு. அச்சட்டம் வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. குடித்துவிட்டு வந்த கூட்டம் ஒரு பெண் மருத்துவரைத் தலைமுடியைப் பற்றி இழுத்து வந்த கதைகளை நாங்களும் கேட்டிருந்தோம். சட்டத்தின் சாரத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக்கி, வரவேற்பறையில் பிள்ளையார் படத்துக்கு அருகில், அதே அளவில், மருத்துவர் மாட்டிவைத்தார். 'பிணையில் விட முடியாத குற்றம்' என்ற தொடர் சிவப்பில் இருந்தது. பிணிக்கும் பிணைக்கும் நடுவே ஓரெழுத்துத்தான் வேறுபாடு என்று, இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கக் காத்திருந்த ஒரு காலையில் எனக்குள் விளையாட்டாகத் தோன்றியது. அது விளையாட்டாக நெடுங்காலம் இருக்கவில்லை.

என் வீட்டுக்குப் பின்புறம், ஒரே வரிசையாய்க் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மனைவி அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த துணியை டியூப் லைட்டுக்கு நேரே விரித்து, ஓட்டையோ கறையோ கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். குறையில்லாததைப் 'பாஸ்' என்று தள்ளுவாள். அவர்களுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்புப் படித்தது. தாய் கொண்டுவரும் மிச்ச ஸ்டிக்கரை என் பூசையறைக் கதவில் ஒட்டிவிட்டு, "தாத்தா, ஒங்க சாமி ரிஜெக்ட்டு!" என்று கூவிக்கொண்டு ஓடும். நான் அதட்டுவதுபோல நடிப்பேன். அது நடிப்பென்று அதற்குத் தெரியும்.

மழைக்காலக் காய்ச்சலில் அந்தக் குழந்தையை அங்கே சேர்த்தார்கள். "வைரல் ஃபீவர்தானுங்க, பயப்பட ஒண்ணுமில்லீங்க" என்றார்கள். மறுநாள் மாலை தாய் குழந்தையின் முழங்கைக்குக் கீழே நுண்ணிய செம்புள்ளிகளைக் கண்டாள். துணியில் ஊசி முனையளவு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் கண் அது. செவிலியரைக் கூட்டிவந்து காட்டினாள். "கொசு கடிச்சிருக்குமுங்க அக்கா" என்று அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். மருத்துவர் ஒரு திருமண வரவேற்பில் இருந்தார். விடிந்ததும் வந்து பார்த்து, "உடனே கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க" என்றார். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போது குழந்தை லிஃப்டுக்குள் இறந்துபோயிருந்தது.

எனக்குச் செய்தி எட்டி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அது மருத்துவர் பிழையா, நோயின் வேகமா, முன்னை வினையா என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கில்லை. தாய் காட்டிய புள்ளிகளை ஒருவரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அவள் அழவில்லை. படியிறங்கி வரவேற்பறைக்கு வந்தாள். தரையைப் பார்த்தாள். வெளியே போய்க் குனிந்து சிமெண்டுக் கற்களின் இடுக்கில் நகத்தை விட்டுக் கிளறினாள். ஏதோ தொலைந்ததைத் தேடுகிறாள் என்றே நான் நினைத்தேன். பிறகுதான் எனக்கு விளங்கியது. வயிறு எரிந்தவள் மண்ணை வாரித் தூற்றுவது கொங்கிலும் தெற்கிலும் ஒன்றுபோலவே அஞ்சப்படும் செயல். அதற்கு மண் வேண்டும். அந்த வளாகத்தில் ஒரு பிடி மண்ணில்லை.

திரும்பி உள்ளே வந்தவளின் கண்ணில் சிவப்பு வாளி பட்டது.

"எம் புள்ளையப் பாக்காத வாசலு மண்ணாப் போக! எங்கொலம் அத்துப்போன மாதிரி ஒங்கொலமும் அத்துப்போக!" என்று இரு கையாலும் அள்ளி அள்ளி வீசினாள். மேசைமீது, பில் போடும் பிரிண்டர்மீது, பிள்ளையார்மீது, சட்டப் பலகைமீது மணல் மழையாய்ப் பொழிந்தது. மாடிப்படியின் பாதியில் நின்றிருந்த மருத்துவரின் காலடி வரைக்கும் தெறித்தது. கணவன் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தான். அவள் வாளியின் விளிம்பை விடவில்லை. கொக்கி கழன்று வாளி உருண்டு வாசற் கண்ணாடிக் கதவில் மோதியது. கதவு உடையவில்லை, நடுவில் ஒரு கீறல் கிளைவிட்டு ஓடியது.

பிற்பகல் மயானத்துக்கே போலீஸ் வந்துவிட்டது. குழிக்குள் குழந்தையை இறக்கியிருந்தார்கள். தகப்பனைப் பிடிக்க ஒரு காவலர் முன்னே வர, ஆய்வாளர் கைகாட்டி நிறுத்தினார்.

"மண்ணு போட்டுட்டு வரட்டும் விடுய்யா. நாமளும் மனுசந்தானே."

தகப்பன் மண்ணைத் தள்ளினான். முடித்துக்கொண்டு வந்து ஜீப்பில் காலை வைத்தபோது, ஓட்டுநர் சொன்னார்: "கையைக் கழுவிட்டு ஏறு. ஜீப்பு புதுசு."

நான் பின்னாலேயே காவல் நிலையம் போனேன். எழுபதை எட்டிய உடம்பு, நெற்றியில் நீறு, ஊருக்குத் தெரிந்த முகம் என்பதால் நாற்காலி போட்டார்கள். என் முன்னிலையிலேயே, என்னை மறந்து, அவர்கள் வழக்கை எழுதும் வகையைப் பேசிக்கொண்டார்கள்.

"சார், ஆயுதம்னு என்னங்க போடறது?" என்றார் ஏட்டு. "மணல்னு போட்டாக் கோர்ட்டுல சிரிப்பாங்க."

"தீயணைப்புக் கருவின்னு போடுய்யா. கம்பீரமா இருக்கும்."

"ஆத்து மணலுங்க சார். மணல் கடத்தல்னு ஒண்ணையும் சேத்தீரலாமுங்களா?" என்று மூலையிலிருந்து ஒருவர் கேட்க, அறையே குலுங்கிச் சிரித்தது. சுவரோரம் தரையில் குத்தவைத்திருந்த தகப்பனும், எல்லாரும் சிரிப்பதால் தானும் சிரிக்கவேண்டுமோ என்று ஐயுற்றவன்போல வாயை அசைத்தான். நகக்கண்ணில் மயான மண் இன்னும் இருந்தது.

"அவன் ஒண்ணும் பண்ணலீங்க" என்றேன் ஆய்வாளரிடம். "பொண்டாட்டியத் தடுக்கத்தான் போனான். வாளி தானா விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"தானா விழுந்த வாளியை நான் அரெஸ்ட் பண்ண முடியாதுங்களே ஐயா" என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நியாயமாப் பாத்தா அந்தப் பொம்பளையைத்தான் தூக்கியிருக்கோணும். புள்ளை செத்தவளை உள்ள வெச்சா நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வருமுங்க. இவன்னா யாருக்கும் வலிக்காது. இன்னும் எஃப்.ஐ.ஆர். போடலீங்க. டாக்டர் மனசு வெச்சா உண்டு. போட்டுட்டோம்னு வைங்க, புதுச் சட்டம், அப்பறம் நானே நெனச்சாலும் உட முடியாது."

நான் எழுந்தபோது தகப்பன் கேட்டான்: "அவ சாப்ட்டாளாய்யா?"

மறுநாள் மருத்துவரே ஆளனுப்பி என்னை வரவழைத்தார். கண்ணாடிக் கதவின் கீறலுக்குமேல் அட்டை ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். மணலை யாரும் கூட்டவில்லை. அது விழுந்த இடத்தில் விழுந்தபடியே கிடக்க, சுற்றி நாற்காலிகளை வளைத்துப் போட்டிருந்தார்கள். நோயாளிகள் சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்கள். பிள்ளையார் படத்தின் சட்டத்தில்கூட மணல் அப்படியே இருந்தது.

"வாங்க ஐயா, உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா?" தம் அறைக்கு அழைத்துப்போன மருத்துவரின் கண்ணில் உறக்கமில்லை. "அந்த டெய்லர் பையன் பாவந்தானுங்க. ஆனா இன்னிக்கு மணலுன்னு உட்டா நாளைக்குக் கல்லுங்க. சட்டம் எங்களைக் காப்பாத்தத்தானே வந்துச்சு."

நான் தலையசைத்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க ஐயா. நீங்க பெரியவங்க, நாலு பாட்டு அறிஞ்சவங்க. அந்த மாதிரி மண்ணு வாரித் தூத்துனா... பலிக்குமுங்களா?"

எம்.டி. பட்டம் அவர் தலைக்குப் பின்னால் சட்டமிட்டுத் தொங்கியது. என் பார்வை அங்கே போவதைக் கண்டுகொண்டார்.

"படிச்சிருக்கறனுங்க. இல்லீன்னு சொல்லலை. நான் சின்னவனா இருக்கீல எங்க தோட்டத்துல ஒருத்தி வரப்புச் சண்டையில மண்ணை வாரித் தூத்துனா. அடுத்த போகம் எடுக்கறதுக்குள்ள எங்கப்பா போயிட்டாரு. எங்கூட்ல அம்மிணி ராத்திரியெல்லாம் அழுகறாங்க. கூட்டறதுக்கு ஆயாம்மா யாரும் கை வெக்க மாட்டீங்கறாங்க. நானும் வேண்டாமுன்னுட்டேன். அவ கையாலயே எடுக்கட்டும். போட்டதைப் பூரா எடுத்து, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிசம் ஸ்டேசனுக்குப் போன் பண்ணீர்றேன்."

"எடுக்கலீன்னா?"

"சட்டம் இருக்குதுங்களே ஐயா."

சட்டமன்றத்தில் அமர்ந்து அதை எழுதியோர் தடியையும் கல்லையும் எண்ணி எழுதியிருப்பார்கள். ஒரு தாயின் சாபத்தைப் பறிமுதல் செய்யவும் அது உதவும் என்று அவர்களுள் எவரும் கண்டிருக்க மாட்டார்கள். நான் நாள்தோறும் ஓதும் பாடல்களுள் இறைவனையே முகத்துக்கு நேர் நின்று ஏசியவை உண்டு. பித்தன் என்றும் இரக்கமற்றவன் என்றும் வைதவை உண்டு. அவற்றையும் அவன் மாலையாகவே சூடிக்கொண்டான் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையை எடுத்துச் சொல்ல அதுவா இடம்? காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சொல்லிப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

லைன் வீட்டு வாசலில் அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். எதிரே என் மனைவி சோற்றுத் தட்டுடன் அமர்ந்திருந்தாள். மருத்துவர் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"எம் புள்ள கையில இருந்த புள்ளியப் பாக்க அவுகளுக்கு நேரமில்ல" என்றாள். "தரையில கெடக்குற மணல மட்டும் ராவும் பகலும் பாத்துக்கிட்டே இருக்காகளோ?"

"எடுத்துப் போட்டுட்டு வந்துரு கண்ணு" என்றாள் என் மனைவி. "உள்ள கெடக்கறது உன்ற புருசன். போனவ போயிட்டா. இருக்கறவனைக் காப்பாத்தோணுமல்லோ?"

"புள்ளைக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதாம்மா. அதையும் எடுக்கச் சொல்றீகளா?"

என் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் ஆறுதல் சொல்லும் எண்ணத்தில், அடியவர் துயர் துடைத்த இறைவனைப் பற்றி ஏதோ தொடங்கினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க கொளத்துல முதல முழுங்குன புள்ள திரும்ப வந்துச்சுன்னு எம்மக கிட்டச் சொன்னீகளே. அது ஆம்பளப் புள்ளயாமே? ஆம்பளப் புள்ளயத்தான் அந்தக் கொளம் திருப்பிக் குடுக்குமாய்யா? நீங்க பாடுறதுல சாமியத் திட்டுற பாட்டும் இருக்குன்னு சொன்னீக. திட்டுனவுகளத் தேடி ஜீப்பு வந்துச்சா?"

அவளே எழுந்து, முகம் கழுவி, வேலைக்குப் போகும் நாளில் முடிவதுபோல முடியை இறுக்கி முடிந்துகொண்டாள்.

மருத்துவமனையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மருத்துவர் மேசைக்குப் பின்னால். அவர் மனைவி மாடிப்படியில், கைப்பிடியைப் பற்றியபடி. தாய் துடைப்பம் கேட்டாள்.

"கையால எடுக்கோணும்" என்று படியிலிருந்து குரல் வந்தது. "போட்ட கையால."

சிவப்பு வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். அவள் முழந்தாளிட்டு அமர்ந்தாள். குவியலை முதலில் அள்ளினாள். பரவிக் கிடந்ததை உள்ளங்கையால் ஒதுக்கினாள். ஒட்டிக் கிடந்த பருக்கைகளை விரலை ஈரப்படுத்தி ஒற்றி எடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் ஒரு பெரியவர், "அந்த மூலையில உட்டுட்டாளுங்க" என்று கைநீட்டி உதவினார். வரவேற்பு மேசைப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாயைப் பொத்தினார்கள். பிள்ளையார் படத்திலிருந்தும் சட்டப் பலகையிலிருந்தும் முந்தானையால் தட்டி எடுத்தாள். கண்ணாடிக் கதவு ஓடும் பள்ளத்தில் சிக்கியதைத் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நெம்பினாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு மணல் அங்கே தங்கியிருக்க முடியாது.

எழுந்து நின்று கைகூப்பினாள். "தப்புத்தான் சார்."

"பூரா எடுத்தாச்சா?"

"பாத்துக்கிடுங்க சார்" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "பாஸ்."

மருத்துவருக்கு அது விளங்கவில்லை. நன்றி சொல்கிறாள் என்று எண்ணியிருக்க வேண்டும், தலையசைத்தார். போனை எடுத்தார்.

காவல் நிலைய வாசலில் நாங்கள் நிற்க, அவள் கணவன் வெளியே வந்தான். சட்டையின் பொத்தானைத் தவறான துளையில் மாட்டியிருந்தான். அவள் அதைச் சரிசெய்யக் கையை நீட்டினாள்.

"எடுத்துட்டியாமே?" என்றான். "ஏட்டய்யா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நாலு கால்ல தவழ்ந்து பொறுக்குனாளாம்டா ஒம் பொண்டாட்டின்னு."

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"என்னயக் கேட்டியா? நான் கெடந்துருப்பேன்ல. பத்து வருசம்னாலும் கெடந்துருப்பேன். எம் புள்ளைக்காகக் கெடந்தேன்னு இருந்துருக்கும்." அவள் நீட்டிய கையை விலக்கிவிட்டு முன்னால் நடந்தான். பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்தான்.

ஊருக்கே திரும்பிவிடுவதென்று அவர்கள் முடிவு செய்தார்கள்; அல்லது அவன் முடிவு செய்து பாத்திரங்களைச் சாக்கில் போடத் தொடங்க, அவளும் போட்டாள். மறுநாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, மருத்துவமனைக் காவலாளி சைக்கிளில் வந்தார். பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிய சிவப்பு வாளி. என் வாசலில் வந்து நின்று செருப்பைக் கழற்றினார்.

"சாமி, டாக்டரு குடுத்து உட்டாருங்க. இந்த மணலு அங்க இருக்கப்படாதுன்னுட்டாங்க. கோயில் கொளத்துல கரைச்சுருங்களாம். நீங்க ஒரு பாட்டுப் பாடிட்டுக் கரைச்சா நல்லதுன்னு அம்மிணி சொன்னாங்க. புது மணலு ஒரு வாளி வாங்கி மாட்டியாச்சுங்க."

சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வாளியைப் பார்த்தாள், 'தீ' என்ற எழுத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். குழந்தை போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. கேட்டிராவிட்டால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் எடுத்தத அவுக நம்பல" என்றாள் கணவனைப் பார்த்து. "இன்னும் அங்கதான் கெடக்கு போல."

அவன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தான். காவலாளியிடம் வந்தான்.

"டாக்டருக்கு எத்தன புள்ளைக?"

"ஒரே பாப்பாதானுங்க" என்றார் அவர், விசாரிப்பில் மகிழ்ந்து. "கெட்டிக்காரிங்க. வயசுகூட நம்ம பாப்பா வயசுதா..."

சொல் பாதியில் நின்றது. அவர் வாளியை அவிழ்த்து என் படியருகே இறக்கிவைத்தார். மணலைக் கையால் தடவி மட்டமாக்கினார், செய்வதற்கு வேறொன்றும் இல்லாதவர்போல. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவல் நிலைய வாசலுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

விடிந்து நான் கதவைத் திறந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். லைன் வீடு கூட்டித் துடைத்திருந்தது. சாவி என் சன்னலில் இருந்தது. பூசையறைக் கதவிலிருந்த சிவப்பு அம்புக்குறியை மட்டும் யாரும் உரிக்கவில்லை. வாளி படியருகே வைத்த இடத்திலேயே இருந்தது. காவலாளி மட்டம் செய்துவிட்டுப் போன மணலின் நடுவில் ஒரு குழி. ஒரு பிடி அளவு. விரல் பதிந்த தடம் தெளிவாகவே இருந்தது. பெரிய கையா சிறிய கையா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

"பாடறதைப் பாடிக் கரைச்சுப்போட்டு, கரைச்சாச்சுன்னு டாக்டருக்குச் சொல்லி உட்ருங்க" என்றாள் என் மனைவி. "நமக்கென்னத்துக்குங்க அந்தப் பாவம்?"

குளத்தில் அப்போது தண்ணீர் இருந்தது. வாழ்நாளெல்லாம் அருளையே வேண்டிப் பாடிய தொண்டையும் எனக்கு இருந்தது. வாளியை நான் எடுக்கவில்லை; அந்தக் குழியை நிரவவும் இல்லை.